ஆறிப்போன கோழியும் வாடகைக்கு எடுத்த பஃபே செட்டும்

"அத்தான், ருசியில ஒரு குறையும் இல்லை. ஆனா மரண வீட்டுச் சாப்பாடுகூட இதைவிடச் சூடா இருக்கும்."

2022 நத்தார் மதியம் மச்சாள் இப்படிச் சொன்னாள். சொன்னதும் சபையில், முப்பத்துநான்கு பேருக்கு முன்னால். சமைத்தது மனைவியும் மாமியும். சூடுக்குப் பொறுப்பு நான். எங்கள் வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருக்கிறது: சமைக்கத் தெரியாதவன் தூக்குவான், சுமப்பான், சூடாக வைத்திருப்பான். ஆகவே அந்த வார்த்தை நேரே எனக்குத்தான். அடுத்த இரண்டு நத்தாருக்கு நான் செய்த செலவையும் பட்ட பாட்டையும் எழுதுகிறேன். பெரிய கூட்டத்துக்கு விருந்து வைக்கும் எவருக்காவது உதவட்டும்.

முதலில் எங்கள் நிலைமை. வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில், புனித லூசியா பேராலயத்தின் மணி கேட்கும் தூரத்தில். குசினியில் இருக்கும் 'அவன்' அடுப்பில் ஒரு கோழி வைக்கலாம், நெருக்கினால் இரண்டு. எங்களுக்குத் தேவை ஆறு. அதனால் தட்டுகளைத் தெருமுனைப் பேக்கரிக்குக் கொண்டுபோவோம். பாண் சுட்டு முடிந்த போறணையில், நத்தார் காலையில் அயலவர் எல்லாருடைய கோழியும் ஒன்றாக வேகும். எங்கள் கோழிகளின் காலில் மாமி சிவப்பு நூல் கட்டி அனுப்புவார். ஒரு வருடம் நூல் கருகி, யாருடையதோ இரண்டு கோழி எங்களிடம் வந்தது. உண்மையைச் சொன்னால் அவை எங்களுடையதைவிட நன்றாக இருந்தன.

பேக்கரிக்காரர் பத்தரைக்குத் தந்துவிடுவார். சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கும். வத்தளையிலிருந்து வரும் சொந்தக்காரக் கூட்டம் வந்து சேர ஒன்றே முக்கால் ஆகும். என் பிரச்சினை முழுவதும் இந்த மூன்றே கால் மணி நேரம்தான்.

இதில் ஆறிப்போனதைச் சாப்பிடும் சங்கடம் மட்டும் இல்லை. சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 பாகைக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், வெளியே சும்மா இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதற்குக் கீழே போனால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கொழும்பு வெக்கையில் என்ன ஆறப்போகிறது என்று நானும் நினைத்திருக்கிறேன். முப்பது பாகை நமக்குத்தான் வெக்கை, கோழிக்கு அது குளிர். போதாததற்குத் தலைக்கு மேலே மின்விசிறி வேறு.

2023இல் முதலில் நினைத்தது கரண்டில் சூடாகும் தட்டு. அலுவலக நண்பர் ஒருவர் இரவல் தருவதாகச் சொன்னார். ஆனால் டிசம்பர் 9ஆம் திகதி மாலை நாடு முழுவதும் கரண்ட் போனது, நத்தாருக்கு இரண்டே வாரம் இருக்கும்போது. மெழுகுதிரி வெளிச்சத்தில் மாமி என்னைப் பார்த்த பார்வையோடு அந்தத் திட்டம் முடிந்தது. அடுத்த வாரமே காலி வீதிக்கு உள்ளே இருக்கும் ஒரு வாடகைக் கடையில் நான்கு பஃபே செட் சொல்லிவைத்தேன். செட் ஒன்று நாளுக்கு 1,200 ரூபாய், அடியில் எரிக்கும் ஜெல் டின்னுக்குத் தனிக் காசு. முற்பணம் 10,000, அதோடு அடையாள அட்டையின் பிரதி.

பஃபே செட்டைப் பார்க்காதவர் குறைவு. கல்யாண மண்டபத்தில் வரிசையாக நிற்குமே, அதேதான். கீழே கால்கள், அதன்மேல் தண்ணீர்த் தட்டு, தண்ணீருக்கு மேல் உணவுத் தட்டு, அதற்கு மூடி. அடியில் இரண்டு ஜெல் டின் எரியும். எங்களுக்குக் கிடைத்தவை ஒன்பது லீற்றர் அளவு. மூன்று புதிதுபோல இருந்தன. நான்காவதற்கு ஒரு கால் வளைந்து, மேசையில் வைத்ததும் தாளம் போட்டது. மடித்த கடதாசியை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.

இனி நான் விட்ட பிழைகள். தண்ணீர்த் தட்டில் பைப் தண்ணீரை ஊற்றினேன். கடைக்காரப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெல் டின்னின் சின்ன நெருப்பு இத்தனை லீற்றர் பச்சைத் தண்ணீரைச் சூடாக்கவே நாற்பது நிமிடம் எடுத்தது, அப்போதும் விரல் வைக்கக்கூடிய சூடுதான். இந்தச் சாமான் எதையும் சூடாக்காது. சூடாக வந்ததைச் சூடாக வைத்திருக்கும், அவ்வளவுதான். கொதித்த தண்ணீரை ஓர் அங்குல உயரத்துக்கு ஊற்றி, மூடியைப் போட்டு, தட்டு சுட்ட பிறகே சாப்பாட்டை இறக்க வேண்டும். டின்னில் இரண்டு மணி நேரம் எரியும் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒன்றேகால் மணி நேரத்தில் இரண்டு அணைந்தே போயின.

காரணம் விசிறி. புழுக்கம் தாங்காமல் சித்தப்பா அதை முழு வேகத்தில் போட்டுவிட்டார். டின்னின் நெருப்பு தட்டின் அடியைத் தொடாமல் பக்கவாட்டில் நாக்கை நீட்டிக்கொண்டு, தட்டின் காலைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. நான் நிறுத்துவேன், அவர் போடுவார். பெரியவர், என்ன சொல்வது?

அதைவிடப் பயங்கரம் அடுத்தது. மெதனோல் கலந்த ஜெல்லின் நெருப்புப் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலோரம் இருந்த செட்டில் நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து அதே சித்தப்பா டின்னை இழுக்கக் கை வைத்தார். புறங்கை மயிர் பொசுங்கிய மணம் மேசை முழுவதும். நல்ல காலம், அதோடு போயிற்று. அணைந்ததா என்று பார்க்க உள்ளங்கையை டின்னுக்கு மேலே, உயரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், தொடக் கூடாது. சூடான டின்னுக்குள் புது ஜெல்லை ஊற்றவே கூடாது. 2021 கடைசியில் சமையல் எரிவாயு சிலிண்டர்கள் வெடித்த செய்தி தினம் தினம் வந்த நாட்களுக்குப் பிறகு மாமிக்கு எந்த நெருப்பைக் கண்டாலும் நெஞ்சிடி. அன்று முழுவதும் ஜெபமாலையும் கையுமாக மேசையைப் பார்த்தபடியே இருந்தார்.

சரி, கோழி என்ன ஆனது? சூடாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் அது ரோஸ்ட் இல்லை. போறணையிலிருந்து வந்தபோது தோல், தட்டினால் சத்தம் வரும் பதத்தில் இருந்தது. துண்டு போட்டுச் செட்டில் அடுக்கி மூடியதும் ஆவியில் ஊறி, தேநீரில் தோய்த்த பாணின் மேலோடு போலச் சுருங்கிவிட்டது. உருளைக்கிழங்கு ரோஸ்டின் கதி இன்னும் மோசம். மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாக நீர் கோத்திருக்கும். ஒவ்வொருவரும் மூடியைத் தூக்கும்போதெல்லாம் அது ஒரு கோடாக வழிந்து கிழங்கின் மேல் சொட்டும். முப்பத்துநான்கு பேர் தூக்கினார்கள். கடைசியில் வந்தவருக்குக் கிடைத்தது அவித்த கிழங்கு.

ஆனால் செட்டைக் குறை சொல்ல முடியாத இடமும் உண்டு. மஞ்சள் சோறும் கஜுக் கறியும் கடைசி ஆள் வரை ஆவி பறந்தன. ஈரம் உள்ள எதற்கும் இது சொந்த வீடு. இரண்டாம் முறை சோறு போட்டவர்கள் முதல் முறையைவிட நன்றாக இருக்கிறது என்றார்கள், மனைவிக்கு அன்று கிடைத்த ஒரே ஆறுதல். கத்தரிக்காய் மோஜுவை எல்லாம் இதில் வைக்கத் தேவையில்லை, அது எப்படியும் ஆறித்தான் சாப்பிட வேண்டியது.

செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அடித்தட்டு கறுத்துவிட்டது என்று 500 ரூபாய் பிடித்தார்கள். அடியில் நெருப்பு வைக்கும் சாமான் கறுக்காமல் வெளுக்குமா? வாதாடினேன், பலனில்லை. எடுக்கும்போதே நாலு பக்கமும் படம் பிடித்துவையுங்கள்.

2024இல் வழியை மாற்றினேன். மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு வைக்கும் ரெஜிபோம் பெட்டி இருக்கிறதே, அதில் புதிதாக, மூடியோடு பெரியதாக ஒன்றைப் புறக்கோட்டையில் வாங்கினேன். குளிரை உள்ளே பிடித்து வைப்பது சூட்டையும் பிடித்து வைக்கும்தானே. கூடவே கெய்சர் வீதியில் ஊசி போன்ற ஒரு வெப்பமானி. மச்சான் சிரித்தான்: "கோழிக்குக் காய்ச்சலா?"

ஒத்திகை வேண்டும் என்று டிசம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு கோழியை அவனில் சுட்டு, தட்டோடு பெட்டிக்குள் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பிளாஸ்டிக் நாற்றம். தூக்கிப் பார்த்தால் பெட்டியின் அடியில் தட்டின் வடிவத்திலேயே ஒரு பள்ளம், நாலு மூலையும் அச்சுக் குத்தியது போல. கொதிக்கும் தண்ணீர்ச் சூடு அளவுக்கே இந்த ரெஜிபோம் இளகத் தொடங்கிவிடும். அவனிலிருந்து வரும் தட்டு அதைவிட இரண்டு மடங்கு சூடு. பள்ளம் விழுந்த பெட்டி வேண்டாம் என்று இன்னொன்று வாங்கினேன்.

நத்தார் காலையில் செய்தது இது. நாலு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடி அரை மணி நேரம் பெட்டியைச் சூடாக்கினேன். அடியில் தேங்காய் வெட்டும் பலகை, அதன்மேல் மடித்த பழைய துவாய்கள். பேக்கரியிலிருந்து வந்த கோழிகளைத் துண்டு போடவில்லை. முழுசாகவே கால் மணி நேரம் வெளியே வைத்து, தட்டின் கொதி அடங்கியதும் ஃபொயிலில் சுற்றி, துவாயில் சுற்றி, நெருக்கி அடுக்கினேன். இடைவெளியில் எல்லாம் துவாய். வீட்டில் அன்று குளித்தவர்கள் எதால் துடைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

பதினொன்றுக்கு மூடும்போது நெஞ்சுப் பகுதிக்குள் ஊசி காட்டியது 80 பாகை. ஒன்றே முக்காலுக்குத் திறந்தபோது 66. நடுவில் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. சித்தப்பாவைப் பெட்டிக்குப் பக்கத்தில் விடவும் இல்லை. முழுக் கோழி தன் சூட்டைத் தானே காக்கும், அதிலும் ஆறு கோழி ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு கிடந்தால் கேட்கவே வேண்டாம். துண்டு போட்ட அந்த நிமிடமே அந்தச் சூடு ஓடத் தொடங்கிவிடும்.

தோல் இதிலும் நெகிழத்தான் செய்தது. அதற்கு வீட்டு அவனை 220 பாகையில் சுடவைத்து, வத்தளை வாகனம் வாசலில் ஹோர்ன் அடித்ததும் இரண்டிரண்டாகப் பத்து நிமிடம் உள்ளே தள்ளினோம். சலசலப்பு திரும்பி வந்தது, முன்புபோல முழுவதும் இல்லை, முக்கால்வாசி. முதல் இரண்டை மச்சான் வெட்டி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு ரெடி. கிழங்கைக் காலையில் அரைவேக்காட்டில் நிறுத்தி, அதே அவனில் கோழிக்குக் கீழ்த்தட்டில் முடித்தோம். கிழங்கை எந்தப் பெட்டியிலும் காத்திருக்க வைக்க முடியாது. இது மாமியின் தீர்ப்பு, நான் இரண்டு வருடம் கழித்து ஒத்துக்கொண்டேன்.

கிரேவிக்கு என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று: பூப்போட்ட பழைய சுடுதண்ணிப் போத்தல். முதலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, கொதிக்கும் கிரேவியை வடிகட்டி ஊற்றி மூடினால் மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் நாக்கைச் சுடும். இறைச்சி கொஞ்சம் ஆறியிருந்தாலும் மேலே ஊற்றினால் யாருக்கும் தெரியாது. ஒரே குறை, பொங்கல் வரைக்கும் அந்தப் போத்தலில் வந்த தேநீரில் மிளகு மணத்தது. சாப்பாட்டுக் கோப்பைகளையும் பிள்ளைகளை விட்டுச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்துத் துடைக்க வைத்தோம். பீங்கான் கோப்பைக்கு இது நல்லது. மெலமைன் ஒரு நிமிடத்தில் ஆறிவிடும், அதற்கு மினக்கெட வேண்டாம்.

செலவைப் பார்த்தால், 2023இல் நாலு செட்டும் எட்டு டின்னும் பிடித்த 500உமாக எட்டாயிரத்துக்கு மேல். 2024இல் சோற்றுக்கும் கறிக்கும் இரண்டே செட், அதுவும் வேறு கடையில். பெட்டியும் வெப்பமானியும் வீட்டோடு நிற்கும். வாடகைக்கு எடுக்க நினைப்பவர் மேசையில் எத்தனை சாமான் ஈரமானது என்று எண்ணிப்பாருங்கள், அத்தனை செட் போதும். பத்துப் பேருக்குள் என்றால் ஒன்றுகூட வேண்டாம், பெட்டி மட்டும் வாங்குங்கள்.

மச்சாள் என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். முதல் வாய் வைத்துவிட்டு, "ஊஃப்" என்று வாயைத் திறந்து ஊதினாள். "அத்தான், இப்படியா சுடச்சுட வைக்கிறது, நாக்கு வெந்துபோச்சு."

இந்த வருடமும் அதே ஏற்பாடுதான். இரண்டு செட்டுக்குச் சொல்லிவிட்டேன். பெட்டியில் இப்போது மனைவி சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாள், அதைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.