புறங்கைக்கு ஊசி: ரேடியெஸ்ஸா, ரெஸ்டிலேனா?

புறங்கையில் கொழுப்பு வற்றியதும் நாம் நரம்பு என்று சொல்லும் நாளங்களும் அவற்றின் கீழே தசைநாண்களும் எழும்பித் தெரியும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் இந்த ஊசிகள். பொட்டொக்ஸ் இதற்கு உதவாது. அது உள்ளங்கை வியர்வைக்கு வேண்டுமானால் சரி. வெயில் தந்த கரும்புள்ளிகளும் இதனால் போகா. யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் மத்தியான வெயிலில் ஸ்கூட்டி ஓடும் கைக்கு முதலில் வேண்டியது சன்ஸ்கிரீனும் கையுறையும்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. 2015இல் ரேடியெஸ்ஸுக்கும் 2018இல் ரெஸ்டிலேன் லிஃப்டுக்கும் புறங்கைக்கு அனுமதி கொடுத்தது. ரேடியெஸ், எலும்பிலுள்ள கல்சியத் தாதுவை ஒத்த நுண்மணிகள் கலந்த வெள்ளைக் களி. வெள்ளை என்பதால் நாளத்தின் பச்சையையும் மறைக்கும், ஒரு வருடமளவில் நிற்கும். பார்வைக்கு இதுதான் வடிவு. ஆனால் கட்டிபட்டால் கரைக்க மருந்தில்லை. ரெஸ்டிலேன் தெளிந்த ஹயலுரோனிக் அமிலக் களி. மெல்லிய தோலில் மேலாகப் போட்டால் நீலம் பாரிக்கும், ஆறு மாதமளவில் இறங்கத் தொடங்கும். பிசகினால் ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைப் போட்டுக் கரைத்துவிடலாம். ஊசி கொழும்பில், கை யாழ்ப்பாணத்தில் என்றால் முதல்முறைக்கு என் தேர்வு ரெஸ்டிலேன்தான்.

ரேடியெஸ் என்றால் முதலில் லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்தோடு இரண்டு சிரிஞ்சுக்கிடையே பத்துத் தடவையாவது தள்ளிக் கலக்கவேணும். தசைநாண்களுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி, நாளத்துக்கு மேலே 0.2 முதல் 0.5 மில்லிலீற்றர் வரை சிறு குமிழாக விடுவார்கள். பிறகு முஷ்டி பிடிக்கச் சொல்லித் தேய்த்துப் பரப்புவார்கள். ஒரு கைக்கு 3 மில்லிலீற்றரைத் தாண்டினால் வீக்கமும் கண்டலும் கூடும். சரியாகத் தேய்க்காத குமிழ் பயறுபோல் முடிச்சாக நிற்கும். ஆழமாய்ப் போனால் தசைநாணில் படும். ஊசி ஏறும்போதே விரல் வெளிறினாலோ தாங்கமுடியாமல் நொந்தாலோ குருதிக்குழாய் அடைபட்டிருக்கலாம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

மோதிரம், காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். விரல் வீங்கியபின் சவர்க்காரத்துக்கும் அசையாது. வீக்கம் ஒன்றிரண்டு கிழமை நிற்கலாம், ஆகவே கல்யாணவீடு என்றால் ஒரு மாதம் முன்பே. முதல் இரண்டு நாள் கை உயர்ந்தே இருக்கவேணும்: இடியப்ப உரல் பிழிவது, தேங்காய் திருவுவது, கிணற்றில் அள்ளுவது ஒன்றும் வேண்டாம். இரவு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஊருக்கு வருவதும் அதில் அடங்கும். இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தாமல், எழுதித் தந்த வைத்தியரைக் கேட்கவேணும்.

பெட்டியை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லி, தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் உள்ள ஸ்டிக்கரை வாங்கி வையுங்கள். ஒருவருக்குப் போட்ட மிச்சத்தை அடுத்தவருக்குப் போடுவது தொற்றை விலைக்கு வாங்குவது. போடுபவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த வைத்தியர் இல்லையென்றால், காசு கட்டியிருந்தாலும் எழும்பி வந்துவிடலாம். ரேடியெஸ் போட்டவர்கள் பின்னாளில் கைக்கு எக்ஸ்ரே எடுத்தால் முன்கூட்டியே சொல்லவேணும். அந்தக் கல்சியம் படத்தில் வெள்ளையாய் விழும்.