டாக்டர் எழுத நோட்டா, கணினியா?

அரூரில் அப்பாவின் சர்க்கரைக்குப் பழைய டாக்டர் நோட்டில்தான் எழுதுவார். எழுதிக்கொண்டே முகத்தைப் பார்த்து, "மாங்கா சீசனாச்சே, எத்தனை சாப்பிட்டீங்க?" என்பார். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் நோட்டு மழையில் நனைந்தால் பத்து வருஷக் கதையும் போச்சு.

கணினிப் பதிவில் அந்தப் பயம் இல்லை. மருந்துப் பெயர் தெளிவாக அச்சாகும். மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்க ஆபா (ABHA) எண்ணோடு பதிவுகளை இணைத்து, நாமும் சம்மதித்தால், தருமபுரி ரிப்போர்ட்டைச் சேலத்து டாக்டரும் பார்க்கலாம் (இரண்டு மருத்துவமனைகளும் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அதுதான் சிக்கல்). குறை, டாக்டரின் கண் திரையிலேயே இருப்பது. திரையை நம் பக்கம் திருப்பி, "போன மாசம் இவ்வளவு, இப்ப பாருங்க" என்று காட்டுகிறவரிடம் அதுவும் பெரிதாகத் தெரிவதில்லை.

என் ஓட்டு கணினிக்கு. அப்பா மட்டும் இன்னும் மஞ்சள் பையில் நோட்டோடுதான் கிளம்புகிறார்.