சைக்கோபை: அம்மாவைத் தடுமாற வைத்த இலவச மென்பொருள்

எம்.எஸ்சி. உளவியல் ப்ராஜெக்டுக்காக, கணினியில் உளவியல் சோதனைகளை உருவாக்க உதவும் சைக்கோபையை இறக்கினேன். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் பியர்ஸ் தொடங்கியது. பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓடுகிறது, காசே இல்லை. எனக்கு கோடிங் வராது. ஆனால் 'பில்டர்' பக்கத்தில் கட்டங்களைச் சேர்த்தாலே சோதனை தயார்.

கூடவே வரும் ஸ்ட்ரூப் மாதிரியைத் தமிழாக்கினேன். 1935-இல் வந்த பழைய சோதனைதான்: ஒரு நிறத்தின் பெயர் வேறு நிற மையில் வரும்; அதைப் படிக்காமல், மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எக்ஸெல் கோப்பில் சொற்களை மாற்றியதும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்ற மறந்தது என் தப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டதும் சரியானது.

மூன்று அம்புக்குறி விசைகளில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டி அம்மாவை உட்கார வைத்தேன். பச்சை மையில் 'நீலம்' வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது. "என்னடி இது, கண்ணு ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது!" அந்தத் தயக்கம் வினாடிக் கணக்கில் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் பதிவாகியிருந்தது.

வயர்லெஸ் கீபோர்டு வேண்டாம், நேரம் பிசகும். ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது, முதல் தடவை திறக்க என் பழைய லேப்டாப் பட்ட பாட்டுக்காக.