ஓட்டமா, பாஸா? கல்லூரி ஃபுட்பால் அணிக்கு எது தோது

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை ஏந்தி ஓடியும் முன்னேறலாம், முன்னால் எறிந்தும் (பாஸ்) முன்னேறலாம். ஆள்பலம் குறைந்த அணி என்றால் எங்கள் ஓட்டு ஓட்டத்துக்கே. 2018-ல் பலம்வாய்ந்த ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஆர்மி (அமெரிக்க ராணுவக் கல்லூரி அணி) 60 நிமிடத்தில் ஏறத்தாழ 45 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. கூடுதல் நேரத்தில்தான் 28-21 எனத் தோற்றது.

ஆர்மியின் ஆயுதம் டிரிபிள் ஆப்ஷன்: பந்தை யார் கொண்டு ஓடுவது என்பதற்கு மூன்று வழி உள்ள ஆட்டமுறை. எதிரணியின் தற்காப்பு வரிசையில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் நடுவே பந்தை வாங்கி ஓட வரும் ஃபுல்பேக் மீது பாய்ந்தால், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். அங்கே இன்னொருவர் மறித்தால் கூடவே ஓடிவருபவருக்குப் பக்கவாட்டில் எறிவார். முதல் கைமாற்றம்தான் கண்டம்: அரை நொடி தயங்கினால் இருவர் கையும் பந்தில், பந்து நழுவிவிடும் (ஃபம்பிள்). அதோடு, 14 புள்ளி பின்தங்கி 5 நிமிடமே மிச்சம் என்றால் இது கைகொடுக்காது.

பாஸ் அங்கேதான் ஜெயிக்கும். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் மைக் லீச் ஆடவைத்த, பாஸையே நம்பும் ஏர் ரெய்டு முறையில், குவார்ட்டர்பேக்குக்கு அரணாக முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் ஒருவருக்கொருவர் விலகி நிற்பார்கள். எதிராளி சுற்றிவந்து குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க நேரமாகும். ஆனால் மூன்று பாஸ் தவறினால் கடிகாரம் ஓடாது, அரை நிமிடத்துக்குள் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க (பண்ட்) வேண்டிவரும். நம் களைத்த தற்காப்பு மறுபடி களத்தில்.

புள்ளிவிவரம் பார்ப்பவர்களுக்கு: கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் (பாஸ் எறியும் முன்பே குவார்ட்டர்பேக் பின்னால் வீழ்த்தப்படுவதில்) இழந்த கெஜமும் ஓட்டக் கணக்கில்தான் கழியும்.