மூளைப் பூஞ்சைக்கு கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

சர்க்கரை கட்டுக்கடங்காதவர், ஸ்டீராய்டு எடுப்பவர், கீமோவில் இருப்பவர், இவர்களில் ஒருவர் கண் வீங்கி, கன்னம் மரத்து வந்தால் சீட்டில் “எம்.ஆர்.ஐ. பிரெயின்” என்று மட்டும் எழுதுவது போதாது. மியூகர் எனும் கருப்புப் பூஞ்சை பெரும்பாலும் மூக்கில் தொடங்கி, சைனஸ், கண்குழி வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. மூளை, கண்குழி, சைனஸ் மூன்றையும் கான்ட்ராஸ்டோடு (படத்தில் ஒளிர ஊசியில் ஏற்றும் மருந்து) கேளுங்கள். கண்குழிக்கு ஒவ்வொரு படத்துண்டும் 3 மி.மீ. கனம் இருக்க வேண்டும், மூளைக்கு வழக்கமாக எடுக்கும் 5 மி.மீ. படத்தில் சிறு பரவல் நழுவிவிடும்.

ஊசிக்குப் பின், கொழுப்பின் வெள்ளை ஒளியை அடக்கி எடுக்கும் டி1 (எம்.ஆர்.ஐ.யின் ஒரு பட வகை) படம்தான் இந்த ஸ்கேனின் உயிர். ரத்தம் ஓடும் மூக்குச் சதை வெள்ளையாக ஒளிரும். பூஞ்சை ரத்தக்குழாயை அடைத்துச் சதை செத்திருந்தால் கருப்பாகவே நிற்கும். நல்ல மூக்கிலும் சில இடம் மெதுவாகத்தான் ஒளிரும் என்பதால், சில நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். உயிருள்ள சதை நிரம்பிவிடும், செத்தது நிரம்பாது.

கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியத்தின் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 0.5 மோலார் மருந்தென்றால் 60 கிலோ ஆளுக்கு 12 மி.லி. பூஞ்சைக்கு எதிரான ஆம்போடெரிசின் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் அடிவாங்கியிருக்கலாம், புது கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் நாங்கள் அதிகம் பயப்படுவது டி2 எனும் இன்னொரு வகைப் படத்துக்குத்தான். காய்ந்து இறுகிய பூஞ்சைக் கட்டி அதில் காற்றைப் போலவே கன்னங்கரேலென்று தெரியும். நிரம்பிய சைனஸை “காலி” என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. பக்கத்தில் ஒரு சி.டி. இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், எலும்பு அரிப்பும் தெரியும். உலோகப் பல் கேப் இருந்தால் அதன் அருகே கொழுப்பு அடங்காமல் வெளுத்து, நோய் போலவே காட்டும். அங்கே கொழுப்பை வேறு விதமாக அடக்கும் முறைக்கு மாறுங்கள்: ஊசிக்கு முன் ஸ்டிர், ஊசிக்குப் பின் டிக்சன். நினைவு தடுமாறும் நோயாளி அசைவார், ஆகவே திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

அந்த டிஃப்யூஷன் ஆஸ்பர்ஜில்லஸ் எனும் இன்னொரு பூஞ்சையின் கட்டிக்கும் உதவும். பாக்டீரியா சீழ்க்கட்டியில் நடுப்பகுதி முழுக்க ஒளிரும். பூஞ்சைக் கட்டியில் பெரும்பாலும் சுவரும் அதிலிருந்து உள்நோக்கி நீளும் முனைகளும்தான். எதிர்ப்புசக்தி அறவே இல்லாதவரிடம் ஊசிக்குப் பின்னும் கட்டியைச் சுற்றி ஒளிவளையமே வராமல் போகலாம்.

மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையில் இந்த ஸ்கேனை நம்பி உட்காராதீர்கள். சி.டி.4 எனும் எதிர்ப்புசக்தி அணுக்கள் சரிந்த எச்.ஐ.வி. நோயாளிக்குத் தலைவலி கடுமையாக இருந்தும் படம் சாதாரணமாக வரலாம். ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ பூஞ்சையின் தடயத்தைத் தேடும் ஆன்டிஜென் ஸ்ட்ரிப் பத்தே நிமிடத்தில் பதில் தரும். படம் “நார்மல்” என்பதற்காக முதுகு நீர்ப் பரிசோதனையை ரத்து செய்யாதீர்கள்.