சிசிலியில் வாடகை மிதிவண்டிக்குச் செலுத்திய 980 யூரோ: மலைப்பாதைப் பயணிகளுக்கு ஓர் எச்சரிக்கை

இத்தாலியத் தீவான சிசிலியின் தென்கிழக்கில் சாலை மிதிவண்டிப் பயணத்துக்காக நான் முன்கூட்டியே செலுத்திய 980 யூரோவில் ஒரு காசுகூடத் திரும்ப வராது என்று இன்று காலை மின்னஞ்சல் வந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்; ஆறிய பிறகு எழுதினால் இவர்களைப் பற்றி மரியாதையாக எழுதிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். ஒரு பக்கம், பல நாடுகளின் வாடகை மிதிவண்டிகளுக்கு இடைத்தரகாக இயங்கும் ஓர் இணையத்தளம். மறுபக்கம், அதில் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்தும் ஓர் உள்ளூர்க் கடை. சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் எண்ணம் இருப்பதால் இரண்டின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

பேசிய வண்டிக்குப் பதிலாகப் பழுதான பழைய வண்டி ஒன்றை இவர்கள் தந்தார்கள். அந்த நிலப்பகுதியை அறியாதவர்களுக்கு, அது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்காது. சிராகூசாவுக்கும் ரகூசாவுக்கும் இடையே கிடக்கும் இப்ளேய் மலைகள் உயரத்தால் மிரட்டுவதில்லை. மிக உயர்ந்த முகடான மோன்தே லவுரோகூட ஆயிரம் மீட்டரை எட்டாது. ஆனால் அந்தச் சுண்ணாம்புப் பாறை மேட்டை அனாப்போ, இர்மினியோ, கசிபிலே முதலிய ஆறுகள் ஆழ ஆழமாக அறுத்து வைத்திருப்பதால், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் பள்ளத்தின் அடிவரை இறங்கி, மறுகரையில் ஏறித்தான் தீர வேண்டும். 1693 ஜனவரி 11 அன்று வந்த நிலநடுக்கம் இங்குள்ள ஊர்களைத் தரைமட்டமாக்கியது. நோத்தோ வேறோர் இடத்துக்கே பெயர்ந்து புதிதாக எழுந்தது. ரகூசாவில் ஒரு சாரார் மேட்டில் புது நகரம் கட்டிக்கொள்ள, மற்றவர்கள் இப்ளா என்னும் பழைய குன்றை விட்டு வர மறுத்ததால், இன்றும் ஒரே ஊரின் இரு பாதிகளுக்கு நடுவே செங்குத்தான வளைவுகள்தான் பாதை. அப்படி பரோக் என்னும் அலங்காரக் கட்டடப் பாணியில் மீண்டெழுந்த நகரங்களில் எட்டினை 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊர்களை மிதிவண்டியில் கோத்துப் பார்ப்பதுதான் என் திட்டம். அதற்கு வண்டியில் ஏறுவதற்கு ஏற்ற கியரும் இறங்குவதற்கு ஏற்ற பிரேக்கும் இருக்க வேண்டும். எனக்குத் தரப்பட்ட வண்டியில் இரண்டுமே இல்லை.

பணத்தைவிட என்னை அதிகம் எரிய வைப்பது, அந்தக் கடைமேல் எனக்கு நம்பிக்கை உருவாக்கப்பட்ட விதம். முன்பதிவு செய்த மறுநாள் கடைக்காரரே தொலைபேசியில் அழைத்தார். என் உயரம், காலின் உள்ளளவு, எந்த வகைப் பெடல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பலாட்சோலோ அக்ரெய்தேயிலிருந்து அனாப்போ பள்ளத்தில் இறங்கி புஷெமிக்கு ஏறப் போகிறேன் என்றதும், நான் கேட்காமலேயே, முன்புறச் சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்புறப் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் இல்லாமல் அங்கே போகாதீர்கள் என்றார். மழை பெய்தால் பழைய ஊர்களின் தேய்ந்த கல்தளம் வழுக்கும், ஆகவே 28 மில்லிமீட்டர் டயர் போட்டுத் தருகிறேன், டிஸ்க் பிரேக் (சக்கர நடுவிலுள்ள தட்டைக் கவ்வும் பிரேக்) உள்ள, கார்பன் இழைச் சட்டம் கொண்ட வண்டியே தருகிறேன் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அந்தச் சாலைகளில் தானே ஓட்டிப் பழகிய ஒருவரால் மட்டுமே அப்படிப் பேச முடியும். தொழில் தெரியாதவன் ஏமாற்றினால் பேச்சிலேயே பிடிபட்டுவிடுவான். இவர் தொழில் தெரிந்தவர் என்பதே இந்த மோசடியின் மூலதனம்.

வாடகை 380 யூரோ, வண்டிக்கான பிணைத்தொகை 600 யூரோ, ஆகமொத்தம் 980 யூரோ. தளத்தின் கட்டணப் பக்கம் கடன் அட்டையை ஏற்க மறுத்தது. வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் போதும் என்று கடைக்காரர் எழுதினார். அந்தக் கணக்கு எங்கள் பங்காளிக் கடையுடையதுதான் என்று தளத்தின் உதவிப் பிரிவும் எழுத்தில் உறுதி செய்தது. அந்த உறுதிமொழி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதே உதவிப் பிரிவு இப்போது, தளத்துக்கு வெளியே செலுத்திய பணத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்கிறது.

சிராகூசாவில் தங்கியிருந்த வீட்டு வாசலில், இருட்டிய பிறகு, ஓர் இளைஞர் வண்டியை இறக்கி வைத்தார். அது பழைய அலுமினிய வண்டி. எனக்கு ஓர் அளவு பெரியது. சக்கர விளிம்பைக் கவ்வும் பழைய வகைப் பிரேக். முன்புறச் சிறிய பல்சக்கரம் 39 பல், பின்புறப் பெரிய பல்சக்கரம் 25 பல். பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 34க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். 39க்கு 25 என்றால் ஏறக்குறைய 3.3 மீட்டர் நகரும். அதாவது ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்கு தூரத்தைக் காலால் மலைமேல் தள்ள வேண்டும். இது பந்தய வீரருக்கு உரியது, என் வயதுக்காரருக்கு உரியதல்ல. நாளை முதலாளி மாற்றித் தருவார் என்று சொல்லி, இத்தாலிய மொழியில் இருந்த ஒரு திரையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இளைஞர் புறப்பட்டுவிட்டார்.

நாளை என்பது வரவேயில்லை. ஈஸ்டர் வாரம் என்பதால் வேறு கடைகளிலும் என் அளவுக்கு வண்டி கிடைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் சிராகூசா மாகாணத்தில்தான் ஐரோப்பாவின் உச்ச வெப்பநிலையான 48.8 பாகை செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட கோடைக்கு அஞ்சி மிதிவண்டிக்காரர்கள் எல்லாரும் வசந்த காலத்திலேயே அங்கே குவிகிறார்கள். இது தெரிந்துதான் இவர்கள் கைவரிசை காட்டுகிறார்கள்: அந்த வாரத்தில் வாடிக்கையாளருக்கு வேறு போக்கிடம் இல்லை.

கடற்கரைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் பிடிக்கத்தான் செய்தது. பலாட்சோலோவிலிருந்து பள்ளத்தில் இறங்கும்போது, தொடர்ந்து அழுத்த வேண்டிய இரண்டாவது வளைவிலேயே, பின்பிரேக்கின் ரப்பர் தீர்ந்து உலோகம் விளிம்பை அராவும் ஓசை கேட்டது. முன்பிரேக்கை மட்டும் நம்பி, ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, சாலையோரத்தில் சாந்தின்றி அடுக்கிய கற்சுவரில் தோளை உரசித்தான் நின்றேன். எதிரே ஒரு சரக்கு வண்டி வந்திருந்தால் இந்தப் பதிவை எழுத ஆள் இருந்திருக்காது. அங்கிருந்து மெதுவாக இறங்கி மறுகரையில் ஏறத் தொடங்கியதும், கியர் மாற்றும் கருவியைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு முறிந்து, சங்கிலி பின்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கியது. முறிவின் பாதிப் பரப்பு பழைய கறுப்பு, பாதிதான் புதிய பளபளப்பு. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த துண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு விவசாயி தம் மூன்று சக்கரச் சிறு வண்டியில் காய்கறிக் கூடைகளுக்கு இடையே என்னையும் வண்டியையும் ஏற்றிப் புஷெமியில் விட்டார். பணமும் வாங்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. கடைக்காரர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். தளத்தில் புகார் எழுதினால், முதலில் ஓர் இயந்திரம் நன்றி தெரிவிக்கும். பிறகு ஒருவர் வருந்துவதாக எழுதுவார். மூன்றாவதாக இன்னொருவர், முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கும்படி கேட்பார். கடையோடு பேசுங்கள் என்று தளமும், தளத்தோடு பேசுங்கள் என்று கடையும் மாறி மாறிச் சொல்லின. வண்டியைத் திருப்பி ஒப்படைத்து ஏழு நாளில் பிணைத்தொகை வரும் என்பது ஒப்பந்தம். பணத்துக்குப் பதிலாக வந்தது ஒரு சேதப் பட்டியல். அதில் வளைந்துபோன டிஸ்க் பிரேக் தட்டுக்கும் கார்பன் சட்டத்தின் கீறலுக்கும் சேர்த்து 600 யூரோ பிடித்திருந்தார்கள். எனக்குத் தந்த வண்டியில் டிஸ்க் பிரேக்கே கிடையாது, சட்டமோ அலுமினியம். தருவதாகச் சொல்லித் தராத வண்டியை நான் உடைத்துவிட்டேனாம்! வாடகை 380 யூரோவும் திரும்பாது, ஏனென்றால் நான் திரையில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டேன். ஆக 980 யூரோவும் போயிற்று.

தளத்தின் விதிமுறைப் பக்கம், தகராறு ஏற்பட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழித் தகராறுத் தீர்வு மேடையை நாடுங்கள் என்று இன்றும் அறிவுரை சொல்கிறது. அந்த மேடையே 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டுவிட்டது. நான் ஜெர்மனியில் வசிப்பதால் கெல் நகரிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதியிருக்கிறேன். அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் இல்லை. அதுவும் பயன்படாவிட்டால், எல்லை கடந்த 5000 யூரோ வரையிலான கோரிக்கைகளுக்கு உரிய ஐரோப்பியச் சிறு கோரிக்கை நடைமுறையில் மனு செய்வேன்.

விரிவான ஆலோசனைகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிப் பரிமாற்றம் கேட்டால் அந்த முன்பதிவையே கைவிடுங்கள். கடன் அட்டையாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கோர வழியாவது உண்டு, வங்கிப் பரிமாற்றம் போனால் போனதுதான். இருட்டில் வண்டியைப் பெற்றுக்கொள்ளாதீர்கள். கையெழுத்திடும் முன் பிரேக் கட்டைகளையும் பல் எண்ணிக்கையையும் பாருங்கள். சட்டத்தின் அடியில் பொறித்த எண்ணைப் படம் எடுங்கள். என்னிடம் அந்தப் படம் இருப்பதால்தான் வழக்கு என்ற பேச்சையே எடுக்க முடிகிறது. சிராகூசா, ரகூசா பக்கம் இந்த வசந்தத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு இன்னும் பணம் அனுப்பாதவர்கள் யாரேனும் இருந்தால், அனுப்பும் முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அது இதே கடைதானா என்று சொல்லிவிடுகிறேன்.