தொற்றுநோயா, கொள்ளைநோயா?

இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. தொற்றுதல் என்றால் பற்றி ஏறுதல். ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறோமே, அதே வினைதான். ஒருவர் துடைத்த துண்டை இன்னொருவர் எடுத்துத் துடைக்க, படர்தாமரை தொற்றிவிடுகிறது. ஆள் மாறும் வழியைச் சொல்லும் சொல் இது. ஒட்டுவாரொட்டி என்ற பழைய பெயர் இன்னும் அழகு: தொட்டவரை ஒட்டும், ஒட்டியவரோடு போகும்.

கொள்ளைநோய் வழியைச் சொல்வதில்லை, இழப்பைச் சொல்கிறது. கொள்ளை என்றால் சூறையாடல். ‘கொள்ளை அழகு’ என்பதில் மிகுதி. பிளேக், காலரா போல ஊரையே வாரிச் சென்றவற்றுக்கே அது பொருந்தும். படர்தாமரையைக் கொள்ளைநோய் என்பது தவறு.

2020-இல் கொரோனாவோடு பரவலான ‘பெருந்தொற்று’ பரவலின் அளவைக் காட்டுகிறது. மரணத்தின் கனம் அதில் இல்லை.